இடப்பக்கம் மேலே

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் இதை வாசித்துவிட்டு, பாவம் மனுசிக்கு விசர் பிடித்துவிட்டது என்று கோயில் வாசலில் நின்று கதைப்பார்கள். அவர்களுக்கும் கதைக்க ஏதாவது புதிதாக வேண்டும். என் கழுத்தில் கிடந்த தாலியைப் பற்றிப் பதினைந்து வருடத்துக்கு மேலாகக் கதைத்துக் களைத்துப்போயிருக்கிறார்கள்.

ஒஸ்லோவுக்குக் கிட்ட, ஸ்ட்ரோம்மனில் உள்ள பெரிய கடைத்தொகுதியில், உடுப்புத் திருத்திக் கொடுக்கும் சின்னக் கடை ஒன்றில் நான் தைக்கிறேன். காற்சட்டையின் நீளம் குறைப்பது, சிப் மாற்றுவது, பெண்களின் சட்டைகளையும் கோட்டுகளையும் பிரித்துப் பெருப்பிப்பது. பெருப்பிக்க வருகிறவர்கள்தான் கூட; சிறுப்பிக்க வருகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். அங்கே வாடிக்கையாக வரும் ஒரு நோர்வேஜியப் பெண்மணி திரைப்படங்களுக்கு உடுப்புப் பொறுப்பாளர். போன மாரியில், பனி கொட்டுகிற காலத்தில், அவர் கடைக்கு வந்து, ஒரு யப்பானிய நடிகருக்கு நாலு கிழமைக்கு, ஒரு மாதத்துக்கு, உடுப்புப் போட்டுவிட ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டார். நீ சேலை கட்டுகிறவள்தானே, கிமோனோவும் கிட்டத்தட்ட அப்படித்தானே என்றார். இரண்டும் துணி என்பதைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்ல வாய் உன்னியது. ஆனால் ஓம் என்றுவிட்டேன். வீட்டில் நான் முடிவு சொல்லவேண்டிய விசயம் ஒன்று கிடந்தது. அதிலிருந்து நாலு கிழமைக்காவது ஓடி ஒளிய ஓர் இடம் வேண்டியிருந்தது.

அந்த விசயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் நடிகர்.

அவருக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். சின்ன உருவம், மொட்டைத் தலை, எப்போதும் ஏதோ பகிடியை அடக்கிக்கொண்டிருக்கிற வாய். அவருடைய உண்மையான தொழில் மேடை. யப்பானில் ‘நோ’ என்று ஒரு பழைய நாடகம் இருக்கிறது. மரத்தில் செதுக்கிய முகமூடி போட்டுக்கொண்டு, பாட்டுக்கும் மேளத்துக்கும் மிக மெதுவாக நடந்து ஆடுவது. ஐந்து வயதில் மேடை ஏறினவராம். சினிமா அவருக்கு இடைக்கிடை வருகிற வேலை, மூன்று நாலு வருடத்துக்கு ஒரு படம். ஏன் சினிமாவுக்கு வருகிறீர்கள் என்று ஒரு மத்தியானம் யாரோ கேட்டார்கள். ஒஸ்லோவில் படிக்கிற யப்பானியப் பெண் ஒருத்திதான் அவருக்கு மொழிபெயர்ப்பாளர். அவள் சிரித்துக்கொண்டே பதிலைச் சொன்னாள்: மேடையில் எழுபது வருடமாக அவருக்கு ஒரு வாய் சோறு கிடைத்ததில்லை, அங்கே ஒருவரும் சாப்பிடுவதில்லை, சினிமாவில் கிழவன் என்றால் கட்டாயம் ஒரு சாப்பாட்டுக் காட்சி தருவார்கள், அதற்காகத்தான் வருகிறாராம். உண்மையாகவே மனிசன் சாப்பாட்டுப் பிரியர். இரண்டாம் நாள் என் பெட்டியிலிருந்த மீன் கட்லட்டை மணந்து பிடித்துவிட்டார். அன்றிலிருந்து நான் அவருக்கும் சேர்த்துப் பொரித்துக்கொண்டு போனேன்.

படப்பிடிப்பு ஒஸ்லோவில், அம்மருட்டில், ஒரு உயர்ந்த கட்டடத்தின் பதினோராம் மாடியில் ஒரு மூன்றறை வீட்டில் நடந்தது. படத்தின் கதை பெரிய கதை ஒன்றுமில்லை. யப்பானிலிருந்து ஒரு தகப்பன் ஒஸ்லோவில் இருக்கும் மகளிடம் ஒரு மாரிகாலத்துக்கு வந்து தங்குகிறார். பழைய கோபம் ஒன்றினால் மகள் அவரோடு கதைப்பதில்லை. அவ்வளவுதான். மகளாக நடித்த பெண் இங்கேயே பிறந்தவள்; தாய் யப்பான்காரி, தகப்பன் நோர்வேக்காரன்.

ஒலிப்பதிவு செய்கிற பெடியனுக்கு அவரால் பெரிய தலையிடி. அவர் நடந்தால் சத்தமே கேட்காது. பெருவிரல் பிரிந்த வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு, பாதத்தைத் தூக்காமல் தரையோடு தரையாக இழுத்து நடப்பார். இழுப்பதும் கேட்காது. குசினியில் தேத்தண்ணி ஊற்றிவிட்டுத் திரும்பினால் பின்னால் நிற்பார். இரண்டு தரம் நான் வாய்விட்டு அலறியிருக்கிறேன். கொஞ்சம் சத்தமாக நடக்கச் சொல்லி இயக்குநர் கேட்டார். அவர் முயன்று பார்த்தார், பாவம், கால் கேட்கவில்லை. பிறகு வேறு ஒருவரை நடக்கவிட்டு அந்தச் சத்தத்தைத் தனியாக எடுத்தார்கள்.

உடுப்புப் போடுவதில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. அவருடைய மேடையில் நடிகன் தானாக உடுத்துவதில்லையாம். கூட ஆடுகிறவர்கள்தான் முன்னும் பின்னும் நின்று உடுத்திவிடுவார்கள். உடுத்தி முடித்தபின் அவன் அதைத் தொடமாட்டான். மடிப்புக் கோணலாக இருந்தாலும் தொடமாட்டான். தொட்டால் உடுத்திவிட்டவரை அவமதித்ததாகிவிடும். சினிமாவுக்கு வந்தும் அவர் அதை விடவில்லை. கைகளைக் கொஞ்சம் விரித்து, கண்ணைத் தாழ்த்தி, கடையில் நிற்கிற பொம்மைபோல நிற்பார். முடிந்ததும் எனக்குச் சின்னதாகத் தலை குனிவார். என் வயதுக்கு, என்னைவிட அவ்வளவு மூத்த ஒருவர் ஒவ்வொரு நாளும் எனக்குத் தலை குனிவது கூச்சமாகத்தான் இருந்தது. உடுப்புப் பொறுப்பாளர் எனக்குச் சொல்லித் தந்தது ஒரே ஒரு விதி. அவருடைய இடப்பக்கத் துணி மேலே வரவேண்டும், வலப்பக்கத் துணி உள்ளே போகவேண்டும், மறந்தும் மாற்றாதே என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தால் தையல்காரி ஒரு சட்டையும் முடிக்கமாட்டாள்.

இனி வீட்டு விசயம்.

என் கணவர் காணாமல் போனவர். இங்கே ஒஸ்லோவில் பஸ் ஓட்டிக்கொண்டு, எல்லிங்ஸ்ருட்டில் எங்களோடு இருந்தவர்தான். கிளிநொச்சிப் பக்கம் இருந்த தாய்க்கு வருத்தம் என்று பார்க்கப் போனார். ஒரு மாதத்தில் வருகிறேன் என்று போனவர். வன்னிக்குப் போய்வரும் பாதையைப் பூட்டிவிட்டார்கள். சண்டை இறுகிக்கொண்டே போனது. எங்கேயோ வரிசையில் நின்று இடைக்கிடை தொலைபேசி எடுப்பார். கடைசியாக எடுத்தபோது மகளிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். அவளுக்கு அப்போது எட்டு வயது. அடுத்த கிழமை எடுக்கிறேன் என்றார். பிறகு அந்த மே மாதம் வந்தது. எல்லாம் முடிந்தது என்று செய்தியில் சொன்னார்கள்.

மூன்று பேர் அவரைக் கண்டார்களாம். ஒருவர், காயக்காரரோடு பஸ் ஏறக் கண்டேன் என்றார். இன்னொருவர், முகாமில் கம்பிக்கு அங்காலே கண்டேன், தாடி வளர்த்திருந்தார் என்றார். மூன்றாவது ஒரு பெண். கடற்கரையில் ஒரு பனையடியில் கிடந்ததைக் கண்டேன் அக்கா, கண்ணை நான்தான் மூடிவிட்டேன் என்றாள். முதல் இரண்டு பேருக்கும் நான் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்தேன். அவளோடு இன்றுவரை கதைப்பதில்லை.

அப்படித்தான் நான் இருந்தேன். கதவில் அவர் பெயர் இருந்தது. படத்துக்கு மாலை போடவில்லை. அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை. செத்தவர் என்றால் படைக்கவேண்டும், உயிரோடு இருப்பவர் என்றால் பரிமாறவேண்டும். நான் இரண்டும் செய்யவில்லை. பொட்டும் தாலியுமாக விசேசங்களுக்குப் போனேன். மணவறைப் பக்கம் போக நேர்ந்தால் பெண்டுகள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். எனக்கும் கண் இருக்கிறதுதானே. அவர் இல்லாத வீடு என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. குளித்துவிட்டு வந்தால் கதிரை கொஞ்சம் தள்ளியிருப்பதுபோல இருக்கும். மாரியில் நாலு மணிக்கே இருட்டிவிடும். யன்னல் கண்ணாடியில் என் பின்னால் ஒருவர் நிற்பதுபோல இருக்கும். திரும்பமாட்டேன். பயத்தினால் இல்லை. திரும்பினால் இல்லை என்று ஆகிவிடும்.

மகளுக்கு அப்போது கலியாணம் சரிவந்திருந்தது. ஸ்ட்ரோம்மனிலேயே மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். அவளே பார்த்த பெடியன், நல்ல பிள்ளை. பிரச்சினை அழைப்பிதழில் வந்தது. தகப்பன் பெயருக்கு முன்னால் ‘திரு’ போடுவதா, ‘அமரர்’ போடுவதா? யாழ்ப்பாணத்தில் அச்சடிக்கிறவர், படப்பிடிப்பு முடிகிற வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டுக்காரர் நேரே கேட்காமல் சுற்றி வளைத்துக் கேட்டார்கள். ‘அமரர்’ என்று போட்டால் நான் விதவை. தாரை வார்க்க என் அண்ணனும் அண்ணியும் நிற்பார்கள், நான் பின்வரிசையில் இருப்பேன். அதுகூடப் பரவாயில்லை. அந்த ஒரு சொல்லை அச்சடித்து ஐந்நூறு வீட்டுக்கு அனுப்பினால், அவரைக் கொன்றவள் நான்தான் என்றாகும். சுட்டவன் யாரோ தெரியாது. கையெழுத்து என்னுடையதாக இருக்கும்.

படப்பிடிப்பின் மூன்றாவது ஞாயிறு என் மகள் வீட்டுக்கு வந்தாள். நான் குழம்பு கிண்டிக்கொண்டு நின்றேன். ‘அமரர்’ எண்டே போடுவம் அம்மா என்றாள். நான் அகப்பையை இன்னும் வேகமாகச் சுழற்றினேன்.

“அம்மா, எனக்கு அப்பா எங்கையோ இருக்கிறார் எண்டது காணும், போதும்,” என்றாள். “எனக்கு அவர் செத்துப்போக வேணும். எட்டு வயசிலை நான் அழேக்கை, உயிரோடை இருக்கிறவருக்கு அழக்கூடாது எண்டு சொன்னனீங்கள். இண்டைவரைக்கும் நான் அழேல்லை.”

எனக்குச் சன்னதம் வந்துவிட்டது. அகப்பையைத் தொட்டிக்குள் எறிந்தேன்.

“நீ கேக்கிறது உன்ரை அப்பனைக் கொல்லச் சொல்லி,” என்றேன். “அதை என்ரை கையாலை செய்யச் சொல்லிக் கேக்கிறாய்.”

அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு, சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு போய்விட்டாள். சாப்பிடாமல் போனாள். அந்தக் குழம்பை நானும் சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை சரியான பனி கொட்டியது. பாதி பஸ்கள் ஓடவில்லை. மொழிபெயர்க்கிற பெண் வந்த ரயில் நடுவழியில் நின்றுவிட்டது என்று தகவல் வந்தது. உடுப்புப் பொறுப்பாளரும் பிந்தித்தான் வந்தார். அன்றைக்குச் சாப்பாட்டுக் காட்சி. மகள் வேலை முடிந்து வருவாள், தகப்பன் மேசையில் சோறும் மீன் சூப்புமாக இருப்பார், அவள் அவரைப் பார்க்காமல் குளிர்ப்பெட்டியைத் திறந்து எதையோ எடுத்துக்கொண்டு அறைக்குப் போவாள். அவர் ஒரு வசனம் சொல்வார்: சாப்பிட்டாயா? அவள் பதில் சொல்லமாட்டாள். அவர் சாப்பிடத் தொடங்குவார்.

படுக்கையறையைத்தான் எங்களுக்கு உடுப்பறையாகத் தந்திருந்தார்கள். அவர் கையை விரித்துக்கொண்டு நின்றார். நான் உடுத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஐந்து நிமிடமும் என் மனம் அந்த அறையில் இல்லை. ‘திரு’, ‘அமரர்’ என்ற இரண்டு சொல்லும் மண்டைக்குள் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தன. என் கணவர் வேலைக்குப் போகும்போது சட்டைக் கொலரைச் சரியாக மடிக்கமாட்டார். நான்தான் வாசலில் வைத்து இழுத்துச் சரிசெய்து விடுவேன். அந்த ஞாபகத்தில் கிழவருடைய கழுத்துப் பட்டியை இரண்டு தரம் நீவிவிட்டேன். மனம் இல்லாதபோது கை தன் பழக்கத்துக்குத்தான் போகும். என் கை நாள் முழுக்கப் பெண்களின் சட்டைகளிலும் கோட்டுகளிலும் கிடந்து பழகியது. பெண்களின் உடுப்பில் வலப்பக்கம்தான் மேலே வரும். அப்படியே மூடி, இடுப்புப் பட்டியைக் கட்டி இறுக்கிவிட்டேன்.

அவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். வழக்கத்தைவிடக் கனநேரம் பார்த்தார். எனக்கு என்ன தெரியும், தூசி ஏதும் பட்டிருக்கிறதா என்று என் கன்னத்தைத் துடைத்தேன். அவர் தலை குனிந்தார். அன்றைக்கு மிகவும் தாழக் குனிந்தார். பிறகு சத்தமில்லாமல் நடந்து குசினிக்குப் போய் மேசையில் இருந்தார்.

நான் குசினிக்கு வெளியே நடையில் நின்று, கமராவோடு தொடுத்திருந்த சின்னத் திரையில் பார்த்தேன். மகளாக நடிக்கிற பெண் உள்ளே வந்தாள். பையை வைத்தாள். குளிர்ப்பெட்டிப் பக்கம் நாலடி நடந்தவள் நின்றுவிட்டாள். அவள் கண் அவருடைய கழுத்தில் நின்றது. அங்கிருந்து நெஞ்சுக்கு வந்தது. வசனத்தாளில் அப்படி ஒன்றும் இல்லை. மறந்துவிட்டாள்போல என்று நினைத்தேன். அவள் மெதுவாக அவருக்குக் கிட்டே போனாள். கையை நீட்டி அந்த மடிப்பைத் தொட்டாள், மாற்றிவிடப் போகிறவள்போல. அவர் அவளைப் பார்க்கவில்லை. மேசையையும் பார்க்கவில்லை. கையை மட்டும் எடுத்து அவள் கைக்கு மேலே வைத்து, அதை அப்படியே நிறுத்தினார். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார், சாப்பிட்டாயா என்று.

அந்தப் பெண் இல்லை என்று தலையாட்டினாள். பிறகு அழத் தொடங்கினாள். அது நடிப்பில்லை என்று எனக்கே தெரிந்தது. மூக்கு வடிந்தது, தோள் குலுங்கியது. அவர் அப்படியே இருந்தார். முன்னால் கிடந்த சோற்றைத் தொடவே இல்லை. சாப்பாட்டுக்காக அவ்வளவு தூரம் வந்த மனிசன் அதில் ஒரு பருக்கையும் தொடவில்லை. அவர் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அந்தக் கதிரையில் உயிருள்ள ஒருவர் இருக்கவில்லை.  இயக்குநர் நிறுத்தச் சொல்ல மறந்துபோய் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். எங்கள் வீட்டு மேசையில் இத்தனை வருடமாக ஒருவர் அப்படித்தான் இருக்கிறார் என்று எனக்கு அப்போது தோன்றியது. தோன்றியதும் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

காட்சி முடிந்த கையோடு மொழிபெயர்க்கிற பெண், தலையெல்லாம் பனியோடு ஓடிவந்தாள். எடுத்ததைத் திரையில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தவள் வாயைக் கையால் பொத்தினாள். யார் இவருக்கு உடுத்தியது என்று கேட்டாள். நான் என்றேன். அவள் குரலைத் தாழ்த்தி எனக்குச் சொன்னாள். இடப்பக்கம் மேலே என்பது உயிரோடு இருப்பவர்களுக்கு. வலப்பக்கத்தை மேலே விட்டு உடுத்துவது ஒரே ஒரு தரம்தான், பெட்டிக்குள் வைக்கும்போது. பிரேதத்துக்கு.

எங்களிலும் செத்தவீட்டில் எல்லாம் மறுவளம்தானே. சுற்றி வருவதுகூட இடப்பக்கமாக. அதனால் அவள் சொன்ன உடனே எனக்கு முழுதாக விளங்கிவிட்டது. உயிரோடு முன்னால் நிற்கிற ஒருவரின் படத்துக்கு மாலை போட்டு விளக்குக் கொளுத்தியவள் ஆகிவிட்டேன். எழுபத்தைந்து வயது மனிசனுக்கு, சொந்தபந்தம் ஒன்றும் கிட்ட இல்லாத ஊரில் வைத்து. 

விசயம் இயக்குநருக்குப் போனது. அவருக்கு அந்தக் காட்சி நன்றாகப் பிடித்திருந்தது, ஆனால் பயந்துவிட்டார். இதற்கு முன்னும் பின்னும் உள்ள காட்சிகளில் மடிப்புச் சரியாக இருக்கிறது. யப்பானில் படம் ஓடும்போது சிரிப்பார்கள். சரியாக உடுத்தி இன்னொரு தரம் எடுப்போம் என்றார். உடுப்புப் பொறுப்பாளர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் என் ஊசிப்பெட்டியை மூடி வைத்தேன். அப்போது கிழவர் கதிரையிலிருந்து எழும்பாமலே ஏதோ சொன்னார். மொழிபெயர்க்கிறவள் கொஞ்சம் தயங்கினாள். என் பக்கம் பார்க்காமல் அதைச் சொன்னாள்: அப்படி உடுத்தச் சொன்னது அவர்தானாம். இந்தக் காட்சிக்கு அதுதான் சரி என்று அவருக்குத் தோன்றியதாம். இன்னொரு தரம் செய்யமாட்டாராம்.

இயக்குநர் கனநேரம் யன்னலடியில் போய் நின்றார். பிறகு மகளாக நடித்த பெண்ணோடு கதைத்தார். பிறகு, சரி என்றார். அந்த ஒரு காட்சிக்காகப் படத்தின் பின்பாதிக் கதையையே மாற்றினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

உடுப்பைக் கழற்ற அவர் படுக்கையறைக்கு வந்தபோது மொழிபெயர்க்கிறவளையும் கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என் கட்லட் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துக்கொண்டு கட்டிலில் இருந்தார். சினிமாக்காரர்கள் எப்போதும் தனக்கு உயிருள்ள ஆட்களைத்தான் தருகிறார்களாம்: தாத்தா, சாமியார், கள்ளக்கடத்தல் தலைவன். மேடையில் தான் ஆடுவது பெரும்பாலும் செத்தவர்களைத்தான், இன்றைக்குத்தான் தனக்குத் தெரிந்த வேலை கிடைத்தது என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிழை என்று தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அவர் கட்லட்டில் ஒரு கடி கடித்தார். உன் கை பிழையாக இருந்தது, ஆனால் கவனமில்லாமல் இருக்கவில்லை என்றார். கழுத்துப் பட்டியை இரண்டு தரம் நீவினாய், முன்பு ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. யாரையோ உடுத்துகிறாய் என்று விளங்கியது, குறுக்கே வரக்கூடாது என்று நினைத்தேன் என்றார். பிறகு கேட்டார், யார் அவர்?

கணவர் என்றேன். செத்துவிட்டாரா என்று கேட்டார். அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் அப்படி நேரே கேட்டதில்லை. எல்லோரும், ஏதும் தகவல் உண்டோ என்றுதான் கேட்பார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு, பனையடி, பஸ், முகாம், அழைப்பிதழ் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மொழிபெயர்க்கிற பிள்ளை நோர்வேஜிய மொழியிலிருந்து யப்பானிய மொழிக்கு மாற்றி மாற்றிக் களைத்துப்போனாள்.

அவர் கையிலிருந்த கட்லட்டைக் கீழே வைத்தார். தங்கள் நாடகத்தில் செத்தவன் முதலில் சாதாரண ஆளாகத்தான் வருவான் என்றார். புல்லு வெட்டுவான், தண்ணீர் அள்ளுவான், படகு வலிப்பான். வழியில் வருகிற ஒருவர் அவனை மறித்து நீ யார் என்று கேட்பார். அப்போதுதான் அவன் தான் செத்தவன் என்று சொல்வான், எப்படிச் செத்தான் என்று சொல்லி ஆடுவான். கேட்டவர் அவனுக்காகக் கும்பிடுவார். அதற்குப் பிறகு அவன் போகலாம்.

ஒருத்தரும் கேட்காவிட்டால் என்றேன்.

அவர் யோசித்தார். தெரியாது, அப்படி ஒரு நாடகத்தில் நான் ஆடியதில்லை என்றார். பிறகு கட்லட்டை எடுத்துச் சாப்பிட்டு முடித்தார்.

என் மகளிடமிருந்து கைத்தொலைபேசியில் ஒரு வரி வந்திருந்தது. பஸ் ஓடவில்லை, நாலு மணிக்குக் கீழே நிற்கிறேன் என்று எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எங்களுக்குள் ஒரு சொல்லும் இல்லை. இருந்தாலும் தாய் பனிக்குள் நிற்கக்கூடாது என்று வந்திருக்கிறாள். தகப்பனின் குணம் அது. கோபம் இருந்தாலும் கூட்டிக்கொண்டு போக வருவார்.

லிப்டில் பதினொரு மாடி இறங்குகிற நேரத்துக்குள் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நான் அவரைக் காப்பாற்றி வைத்திருக்கவில்லை. அந்தப் பனையடியில் கிடந்தவரை எழுப்பி, இடப்பக்கம் மேலே விட்டு உடுத்தி, ஒவ்வொரு நாளும் கதிரையில் இருத்தி வைத்திருக்கிறேன். அவருக்கு எதிரே ஒரு பிள்ளை எட்டு வயதிலிருந்து வாயை மூடிக்கொண்டு இருக்கிறது. இந்த எண்ணம் வந்தபோது எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வந்தது. பிறரை ஏசி ஏசியே காலத்தைக் கழித்தவள் நான். அன்றைக்குத்தான் ஏச்சு வாங்கவேண்டிய ஆள் எதிரே இருந்த லிப்டுக் கண்ணாடியில் நின்றது.

கார் தரிப்பிடத்தில் அவள் என்ஜினை நிறுத்தாமல் சூட்டைப் போட்டுக்கொண்டு இருந்தாள். வேலை உடுப்போடேயே வந்திருந்தாள், மார்பில் மருந்துக்கடை அட்டை. நான் ஏறிக் கதவைச் சாத்தினேன். அவள் காரை எடுக்கப் பார்த்தாள்.

“நில்லு பிள்ளை,” என்றேன். “அப்பா செத்துப்போனார்.”

அவள் கை கியரிலேயே நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். 

“தகவல் வந்ததோ?”

“இல்லை. ஒருத்தரும் சொல்லேல்லை. நான் சொல்லுறன்.”

“எப்ப?”

“அப்பவே,” என்றேன். “நீ எட்டு வயசிலை இருக்கேக்கை. கடற்கரையிலை, ஒரு பனையடியிலை. ஒரு அன்ரி கண்ணை மூடிவிட்டவ. நான் உனக்குச் சொல்லேல்லை.”

அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்கண்ணாடியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எனக்குப் பயம் பிடித்தது; பிந்திவிட்டேனோ, இனி அவளுக்கு அழ வராதோ என்று. பிறகு அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை நான் முன்பு கேட்டதே இல்லை. சீற்றை விட்டுச் சரிந்து என் தோளில் விழுந்தாள். இருபத்தைந்து வயதுப் பெண், கொஞ்ச நாளில் கலியாணம் கட்டப்போகிறவள், என் கோட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவர் பெயரைச் சொல்லி அழுதேன். பக்கத்துக் காரை எடுக்க வந்த ஒரு மனிசன் எங்களைப் பார்த்துவிட்டு, காரை எடுக்காமலே திரும்பிப் போனான்.

கனநேரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். என்னோடு எப்போதும் தமிழில்தான் கதைப்பாள். அதை மட்டும் நோர்வேஜிய மொழியில் கேட்டாள், சின்ன வயதில் விழுந்து முழங்கால் உரசிக்கொண்டு வந்து நிற்கும்போது பேசுவதுபோல. அப்பாவுக்கு நொந்திருக்குமா என்று கேட்டாள்.

அவள் கேட்ட எதற்கும் இத்தனை வருடமாக என்னிடம் ஒரு பதில் இருந்தது. அடுத்த கிழமை எடுப்பார், அடுத்த வருடம் வருவார், எங்கேயாவது சுகமாக இருப்பார். இதற்கும் ஒன்று வாய்வரை வந்தது. அதை விழுங்கினேன்.

“எனக்குத் தெரியாது பிள்ளை,” என்றேன். “நான் அங்கை இருக்கேல்லை.”